வெற்றிடத்தின் எடை: தில்லி நிழற்படங்களில் சமநிலையின் வரலாறு

தில்லியில் உமாயூன் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு வாயிலைக் கடந்ததும் பார்வையாளர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றனர். நேராக ஓடும் மெல்லிய நீர்க்கால், அதன் முடிவில் நடுவளைவு, அதற்கு நேர்மேலே வெண்பளிங்குக் குவிமாடம். கைப்பேசியை உயர்த்தினால் கட்டடத்தின் இடமும் வலமும் அச்சு ஒத்தாற்போல் திரையில் வந்து நிற்கின்றன. படம் எடுப்பவர் செய்ய வேண்டியது மிகக் குறைவே. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தக் கல்லறையைக் கட்டியவர்கள் அவருக்காகச் சட்டகத்தை முன்பே அமைத்துவிட்டுப் போயினர்.

அப்படத்தில் கட்டடத்துக்கு இணையாக இடம்பிடிப்பது அதன் முன்னுள்ள வெறும் தரை. அந்தத் தரை எப்போதும் வெறுமையாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே காய்கறி பயிரிடப்பட்டது. 1857 செப்டம்பரில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா சஃபர் தஞ்சம் புகுந்து, ஆங்கிலேயரிடம் பிடிபட்டது அந்த வளாகத்தில்தான். 1947இல் தில்லியில் கலவரம் மூண்டபோது, பாகிஸ்தானுக்குப் புறப்படக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் அகதி முகாமாக அத்தோட்டம் மாறிற்று. இன்று படத்துக்கு அமைதி தரும் புல்வெளியில் அன்று அடுப்புகள் புகைந்தன.

நிழற்படக் கலையைக் கற்பிக்கும் கையேடுகள் வெற்றிடத்தைப் பொருளின் துணையாகவே பேசுகின்றன: பொருள் மூச்சுவிடச் சற்று வெளி வேண்டும் என்பது அவற்றின் அறிவுரை. தில்லியில் எடுக்கப்பட்ட படங்களின் வரலாறோ வேறொரு பாடத்தையும் சொல்கிறது. இந்நகரத்தின் புகழ்பெற்ற வெற்றிடங்கள் பலவும் உருவாக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலிருந்தும் யாரோ அகற்றப்பட்டிருக்கின்றனர். ஆகவே இங்கு ஒரு படத்தைச் சமன்செய்வது கண்ணின் வேலையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

*

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நன்று. ‘சமச்சீர்’, ‘சமநிலை’ ஆகிய இரண்டும் பேச்சில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. படத்தின் அமைப்பைப் பற்றிப் பேசும்போது அவை வேறு வேறு. நடுவே ஒரு கோடு கிழித்தால் இருபுறமும் ஒத்திருப்பது சமச்சீர். மளிகைக் கடையின் இருதட்டுத் தராசு அதற்கு ஏற்ற உவமை: இந்தத் தட்டில் வைத்த அளவே அந்தத் தட்டிலும் இருந்தாக வேண்டும்.

சமநிலைக்கு உவமை யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் நிற்கும் துலா. அதன் ஒரு பக்கம் குட்டையானது, கனமானது. மறுபக்கம் நீண்டது, மெலிந்தது. அதன் நுனியில் வாளி தொங்கும். இரு பக்கங்களும் எவ்வகையிலும் ஒத்தவை அல்ல. எனினும் துலா நிலைகொள்கிறது. எடையோடு தொலைவும் சேர்ந்து கணக்கில் வருவதே காரணம். துலாவின்மீது ஏறி மிதிக்கும் ஆள் ஓரடி முன்னே வைத்தால் வாளி இறங்கும், ஓரடி பின்னே வைத்தால் ஏறும்.

நிழற்படத்தில் எடை என்பது பொருளின் உண்மையான பாரம் அன்று; பார்வையை இழுக்கும் ஆற்றல். இருண்ட பரப்பில் ஒரு வெளிச்சப் புள்ளி கனமானது. மனித முகம் அதைச் சூழ்ந்த சுவரைவிடக் கனமானது. எழுத்துகள் கனமானவை, ஏனெனில் கண் அவற்றைப் படிக்காமல் கடப்பதில்லை. கூட்டத்தில் ஒருவராய் நிற்பவரைவிடத் தனித்து நிற்பவர் கனமானவர். ஒருவர் ஒரு திசையில் நோக்கினால் அத்திசையிலுள்ள வெளிக்கும் எடை ஏறிவிடுகிறது. இவற்றைத் துலாவில் ஏறிய ஆள்போல முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதே படக் கலைஞரின் வேலை. அவருக்கு ஒரு வேறுபாடு உண்டு: பெரும்பாலும் அவரால் பொருள்களை நகர்த்த இயலாது. தாம் நகர வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும்.

கைப்பேசித் திரையில் ஒன்பது கட்டங்களாகத் தோன்றும் கோடுகள் இந்தத் துலாச் சமநிலையை எளிதாக்கித் தரும் ஒரு குறுக்குவழி. பரப்பை மூன்றாகப் பகுத்து, முதன்மைப் பொருளை நடுவில் வைக்காமல் மூன்றிலொரு பங்கில் வைக்கச் சொல்லும் அவ்விதி நிழற்படக் கருவியைவிடப் பழையது. ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797இல் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய தம் நூலில் அதற்குப் பெயரிட்டார். இயற்கைக் காட்சி ஓவியத்துக்காகச் சொல்லப்பட்ட அந்தக் குறிப்பு, நிழற்படம் கண்டுபிடிக்கப்பட்ட பின் அதற்கும் வந்து சேர்ந்தது.

*

இந்தியாவுக்கு நிழற்படக் கருவி வந்து சேர்ந்தபின் அது பெருமளவில் பயன்பட்ட முதல் பெரும் நிகழ்வு 1857 எழுச்சியின் பின்விளைவு. ஃபெலிச்சே பியாத்தோ 1858இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் இறங்கினார். லக்னோ, கான்பூர், தில்லி ஆகிய நகரங்களில் போரின் தடங்களைப் படமாக்கினார். அவர் லக்னோ சிக்கந்தர் பாகில் எடுத்த படம் பெரும்பாலான நிழற்பட வரலாறுகளில் இடம்பெறுகிறது. பின்னே சிதைந்த மாளிகை, முன்னே தரையெங்கும் மனித எலும்புகள், இடையிடையே நிற்கும் சிலர். போர் நடந்தது 1857 நவம்பரில். படம் எடுக்கப்பட்டது பல மாதங்கள் கழித்து. முன்புலத்தில் பரவிக் கிடக்கும் எலும்புகள் படத்துக்காக மீண்டும் வெளியே கொணரப்பட்டவை என்பது அக்காலத்தவரின் குறிப்புகளிலிருந்து தெரிய வருகிறது. கட்டடம் மட்டும் இருந்தால் கீழ்ப்பகுதி வெறுமையாகத் தோன்றும். அந்த வெறுமையை எலும்புகள் நிரப்பின. அமைப்பு என்ற அளவில் படம் பிழையற்றது. அந்தப் பிழையின்மைதான் அதைக் காண்பவரை இன்றும் கலங்க வைக்கிறது.

தில்லியில் பியாத்தோ காஷ்மீர் வாயிலையும் பீரங்கிக் குண்டுகளால் சிதைந்த கட்டடங்களையும் எடுத்தார்; ஜமா மசூதியின் உயரத்திலிருந்து பல தகடுகளில் நகரை எடுத்து ஒரே நெடும்படமாக இணைத்தார். எழுச்சியை அடக்கிய அரசு, செங்கோட்டையைச் சுற்றிப் பீரங்கிகளுக்குத் தடையற்ற வெளி வேண்டுமெனக் கருதி, கோட்டைக்கும் ஜமா மசூதிக்கும் இடையே நெருங்கி நின்ற மாளிகைகளையும் கடைத்தெருக்களையும் அடுத்த சில ஆண்டுகளில் இடித்து அகற்றியது. கோட்டைக்கு உள்ளேயும் அரண்மனைப் பகுதிகள் பல தரைமட்டமாயின.

செங்கோட்டையின் மதில் முழுவதும் ஒரே சட்டகத்தில் அடங்க வேண்டுமானால் பின்னால் சென்று நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தை 1857க்குப் பிந்தைய இடிப்பு கொடுத்தது. அஞ்சலட்டை முதல் இன்றைய கைப்பேசி வரை, கோட்டையின் படங்களுக்கு நிதானமும் கம்பீரமும் தரும் முன்புலம் முன்பொரு நகரப் பகுதி.

அதே 1858இல் தமிழ்நாட்டில் மற்றொருவர் இதே பணியில் ஈடுபட்டிருந்தார். சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் மெழுகூட்டிய காகித எதிர்ப்படிமங்களில் பதிவுசெய்தார். அக்காலத்துப் பதிவு வேகம் குறைவு. ஒரு படத்துக்குக் கருவியின் கண் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து கடப்பவர் எவரும் படிமத்தில் தங்குவதில்லை. வானமும் வெறும் வெண்மையாகவே பதிந்தது. ஆகவே டிரைப் சில படங்களில் எதிர்ப்படிமத்தின்மீது கையாலேயே முகில் தீட்டினார். அந்தப் படங்களைக் கண்டு, அக்காலத் தெருக்கள் ஆளரவமற்றுக் கிடந்தன என ஒருவர் எண்ணினால் அது வேதியியல் செய்த மாயம்.

1863இல் இந்தியா வந்த சாமுவேல் பூர்ன் அந்த வெறுமையைக் கலைவிதியாகவே உயர்த்தினார். ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில், இருட்டறைக் கூடாரத்தைச் சுமையாட்களிடம் கொடுத்து உடன் கொண்டுசென்று, இமயமலை முதல் குதுப் மினார் வரை அவர் எடுத்த படங்கள் ஆங்கில ஓவிய மரபின் இலக்கணத்தைப் பின்பற்றின: ஓரத்தில் ஒரு மரம், நடுவே நீர்நிலையோ பாதையோ, தொலைவில் கட்டடம். அந்த இலக்கணத்துக்குள் அடங்காத சமவெளியின் நிலக்காட்சி அவருக்கு ஏமாற்றம் அளித்தது. அதைத் தம் கட்டுரைகளில் வெளிப்படையாகவே எழுதினார். அவருடைய படங்களில் மனிதர் தோன்றும்போது பெரும்பாலும் உயரத்தை ஒப்பிட்டுக் காட்டும் அளவுகோலாக, அசையாமல் நிறுத்தப்பட்டவராய்த் தோன்றுகின்றனர்.

*

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். அடுத்து வந்த 20 ஆண்டுகளில் எட்வின் லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் எழுப்பிய புதுதில்லி, ஒரு நகரம் முழுவதையும் தராசுத் தட்டாகக் கருதி வரையப்பட்டது. கிழக்கு மேற்காக ஒரு நேர்கோடு. ஒரு முனையில் வைசிராய் மாளிகை, மறுமுனையில் போர் நினைவு வளைவு. கோட்டின் இருபுறமும் ஒன்றுக்கொன்று எதிரொலியாய்த் தலைமைச் செயலகக் கட்டடங்கள். அக்கோட்டின் அகன்ற வெளிக்காகவும் குன்றின் கட்டடங்களுக்காகவும் ரைசினா, மால்ச்சா முதலிய ஊர்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. உழவர்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது.

இந்த மாபெரும் சமச்சீரில் ஒரு பழுது நேர்ந்தது. மாளிகையையும் செயலகங்களையும் குன்றின் ஒரே மட்டத்தில் அமைக்க லட்யன்ஸ் இசைந்திருந்தார். சாலை குன்றின்மீது ஏறும் சரிவு செங்குத்தாக அமைந்ததால், கீழிருந்து அணுகுபவரின் கண்ணுக்கு மாளிகை சிறிது சிறிதாக மறைந்து, ஒரு கட்டத்தில் குவிமாடம் மட்டுமே எஞ்சுகிறது. லட்யன்ஸ் சரிவை மாற்றக் கோரிப் பல ஆண்டுகள் வாதாடித் தோற்றார். வாட்டர்லூ போரின் பெயரோடு பேக்கரின் பெயரைச் சேர்த்து, தமக்கு நேர்ந்ததை ‘பேக்கர்லூ’ எனக் கசப்புடன் குறிப்பிட்டார். இன்றைக்கும் விஜய் சௌக்கில் நின்று நடுக்கோட்டில் படம் எடுப்பவருக்கு அந்தப் பழைய சச்சரவு சட்டகத்தில் வந்து வாய்க்கிறது: இருபுறமும் செயலகங்கள் ஓங்கி நிற்க, நடுவே அரசின் மிக உயர்ந்த இல்லம் பாதி புதைந்ததுபோல் தோன்றும்.

*

இந்த நகரத்துக்கு 1942இல் ஹோமாய் வியாரவாலா வந்து சேர்ந்தார். 1913 டிசம்பர் 9 அன்று குஜராத்தின் நவ்சாரியில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய பார்சி அரங்கக் கலைஞர். பம்பாயில் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்றார். நிழற்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் பின்னாளில் கணவரான மானெக்‌ஷா. ஹோமாயின் தொடக்ககாலப் படங்கள் சில மானெக்‌ஷாவின் பெயரிலேயே வெளியாயின. அறியப்படாத ஒரு பெண்ணின் பெயருக்குப் பத்திரிகை உலகில் அன்று மதிப்பில்லை. பிரிட்டிஷ் தகவல் சேவையில் பணிபுரிய இருவரும் தில்லிக்கு வந்தனர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை நிழற்படக் கலைஞர் என ஹோமாய் இன்று அறியப்படுகிறார்.

சேலை உடுத்து, மிதிவண்டியில் கருவிகளைச் சுமந்து, தில்லியின் அகன்ற சாலைகளில் அவர் பணிக்குச் சென்றார். பெண் ஒருத்தி என்ன செய்துவிடப் போகிறாள் என்று பிறர் அலட்சியமாக இருந்ததால் தமக்கு வழி கிடைத்தது எனப் பிற்காலத்தில் நேர்காணல்களில் நினைவுகூர்ந்தார். அந்த அலட்சியம் அவருக்கு நிற்கும் இடத்தைத் தந்தது. நிற்கும் இடமே பாதிப் படம்.

மறுபாதியைக் கருவி தீர்மானித்தது. அவர் பயன்படுத்திய கருவிகளில் ஸ்பீடு கிராஃபிக், ரோலைஃப்ளெக்ஸ் இரண்டும் குறிப்பிடத்தக்கவை. முன்னது கனமானது, ஒவ்வொரு படத்துக்கும் தனித் தாள் படலம் செருக வேண்டும். பின்னதில் ஒரு சுருளுக்கு 12 படங்கள். ரோலைஃப்ளெக்ஸைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதில்லை; வயிற்றுக்கு முன்னே பிடித்து, குனிந்து, மேலேயுள்ள கண்ணாடித் திரையில் காட்சியைக் காண வேண்டும். அத்திரையில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஒருவர் இடப்புறம் நடந்தால் திரையில் வலப்புறம் நடப்பார். பழகாதவருக்கு இது பெருந்தொல்லை. பழகியவருக்கு ஒரு நன்மையும் உண்டு: திருப்பிக் காட்டப்படும் காட்சியில் பொருள்களின் பெயர் சற்றே மறந்து, அவற்றின் எடை மட்டும் தெரியத் தொடங்கும். ஓவியர்கள் தம் படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்துப் பிழை காண்பதும் இதற்காகவே.

ரோலைஃப்ளெக்ஸின் சட்டகம் சதுரம். நீள்சதுரத்தில் கண் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை வடிவமே ஓரளவு சொல்லிவிடும். சதுரம் எதையும் சொல்வதில்லை. அலட்சியமாக இருந்தால் எல்லாவற்றையும் நடுவே இழுத்துப் போட்டுவிடும். அதோடு, பத்திரிகை அலுவலகத்தில் பக்கத்தின் தேவைக்கேற்ப யாரோ ஒருவர் படத்தின் ஓரத்தை வெட்டுவார். வெட்டினாலும் நிற்க வேண்டும், வெட்டாவிட்டாலும் நிற்க வேண்டும் என்பது பத்திரிகைப் படத்தின் கட்டாயம். ஒருமுறை எரிந்தால் தீர்ந்துவிடும் ஃபிளாஷ் பல்புகளின் காலத்தில், இரண்டாவது வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது.

*

1947 ஜூனில் காங்கிரஸ் தலைவர்கள் பிரிவினைத் திட்டத்தை ஏற்று வாக்களித்தபோது ஹோமாய் அங்கிருந்தார். அந்தப் படத்தில் எடை முழுவதும் உயர்ந்த கைகளில் இருக்கிறது. ஒரு நாட்டின் எல்லை வரையப்படுவதை வேறு எவ்வகையிலும் படமாக்க இயலாது. முடிவு என்பது காணத்தக்க பொருள் அன்று. கை உயர்வது மட்டுமே காணத்தக்கது. அந்தக் கைகள் உயர்ந்த சில மாதங்களில், உமாயூன் கல்லறையின் சமச்சீர்த் தோட்டம் அகதிகளால் நிறைந்தது.

ஆகஸ்ட் 15 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே மவுண்ட்பேட்டனைச் சூழ்ந்து ஆர்ப்பரித்த மக்கள் வெள்ளத்தை அவர் எடுத்தார். அரச ஊர்வலத்துக்காக வரையப்பட்ட நகர வெளியில் அன்று ஊர்வல ஒழுங்கு கரைந்துபோயிற்று. கூட்டத்தின் நடுவே அகப்பட்டவருக்குக் கூட்டத்தின் முழுமை தெரியாது. விலகி நின்றவருக்கு அதன் முகங்கள் தெரியா. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கண்டுகொள்வதில் அவருடைய திறம் வெளிப்பட்டது.

மறுநாள், ஆகஸ்ட் 16 அன்று, செங்கோட்டையில் நேரு முதன்முதலாகத் தேசியக் கொடியை ஏற்றினார். அந்நிகழ்வையும் ஹோமாய் பதிவுசெய்தார். பீரங்கிகள் சுடுவதற்காக 1857க்குப் பின் வெறுமையாக்கப்பட்ட வெளி, அன்று மக்களால் நிறைந்தது. கோட்டையின் படங்களில் 90 ஆண்டுகளாக முன்புலமாய்க் கிடந்த இடம் அன்று படத்தின் பொருளாயிற்று.

இதற்கு மறுகரையில் நிற்பது, 1948 ஜூன் 21 அன்று மவுண்ட்பேட்டன் இந்தியாவை விட்டுப் புறப்படுமுன் மாளிகையின் படிக்கட்டில் இறுதி மரியாதையை ஏற்ற காட்சி. சீரான படிகளும் சீருடைகளும் அங்கே தாமாகவே சமச்சீரைத் தந்தன. ஹோமாய் சமச்சீரை வெறுத்தவர் அல்லர். அரசு தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பியதோ அவ்வாறே அதைக் காட்டவும் அவருக்குத் தெரியும். அந்த ஒழுங்கு கரையும் நாளில் அக்கரைவைக் காட்டவும் தெரியும்.

*

1948 ஜனவரி 30. அன்று மாலை பிர்லா மாளிகையில் காந்தியின் வழிபாட்டுக் கூட்டத்தைத் திரைப்படக் கருவியில் பதிவுசெய்ய ஹோமாய் புறப்பட்டார். மறுநாள் இருவரும் சேர்ந்து போகலாம் எனக் கணவர் சொல்லித் திருப்பி அழைத்துக்கொண்டார். அன்று மாலை காந்தி சுடப்பட்டார். எடுக்காமல் போன அந்தப் படம் குறித்த வருத்தம் ஹோமாயை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. பின்னர் இறுதிச் சடங்குகளை அவர் எடுத்தார்.

அன்று தில்லியில் உலகப் புகழ்பெற்ற வேறு இருவர் இருந்தனர். ஒருவர் அமெரிக்காவின் மார்கரெட் பூர்க்-ஒயிட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பூனாவில் காந்தியை இராட்டையோடு எடுத்தவர் அவர்தான். அந்தப் படத்தில் இராட்டை கருவிக்கு மிக அருகில், பெரிதாக, இருண்டு நிற்கிறது. காந்தி அதற்குப் பின்னே, சிறியவராய்ச் சம்மணமிட்டு அமர்ந்து, குனிந்து படித்துக்கொண்டிருக்கிறார். பெரிய பொருளுக்கு எதிராக ஒளிபட்ட சிறிய மனிதர்: துலாச் சமநிலைக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. ஃபிளாஷ் பல்பின் உதவியோடு எடுக்கப்பட்ட படம் அது. 1948 ஜனவரி 30 அன்று, காந்தியின் உடல் கிடத்தப்பட்ட அறையிலும் அவர் ஃபிளாஷ் பல்பைப் பயன்படுத்தினார். துயருற்றிருந்தவர்கள் சினந்தனர், படலம் கருவியிலிருந்து அகற்றப்பட்டு அவர் வெளியேற்றப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. அதே கலைஞர், அதே மனிதர், அதே வெளிச்சம், அறை வேறு.

மற்றவர் பிரான்சின் ஹென்றி கார்த்தியே-பிரெசோன். காந்தி கொல்லப்படுவதற்குச் சிறிது நேரம் முன்புதான் அவரைச் சந்தித்துத் தம் படங்களின் தொகுப்பைக் காட்டியிருந்தார். செய்தி கேட்டுத் திரும்பி ஓடிவந்தவர், பிர்லா மாளிகை வாயிலில் நேரு கூட்டத்துக்கு மரணச் செய்தியை அறிவித்த கணத்தை எடுத்தார். வடிவ ஒழுங்குக்காகவே உலகெங்கும் போற்றப்பட்டவர் எடுத்த அந்தப் படத்தில் கூர்மை இல்லை. இருட்டு, மங்கல், ஒரு விளக்கின் வெளிச்சம், அதனருகே நேருவின் உருவம். எந்தக் கையேடும் அதை முன்மாதிரியாகக் காட்டாது. அந்த இருட்டை விலக்கியிருந்தால் படம் தெளிந்திருக்கும். அந்த மாலை தெளிந்திருக்காது.

ஹோமாய் தவறவிட்ட மாலையோடு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, சமநிலை என்ற சொல் சட்டகத்தின் நான்கு ஓரங்களோடு முடிவதில்லை எனத் தெளிகிறது. கருவியைப் பிடித்திருப்பவர் அந்த அறையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்பதும் அதன் ஒரு பகுதி.

*

அடுத்த இரு பத்தாண்டுகளில் ஹோமாயின் படங்களில் அடிக்கடி தோன்றியவர் நேரு. வானூர்தி நிலையத்தில் ‘படம் எடுக்கக் கண்டிப்பாகத் தடை’ என்னும் பொருள்பட எழுதிய பலகைக்கு அருகே நேரு நிற்கும் படம் பலரும் அறிந்தது. எழுத்துக்கு எடை உண்டு என்பதற்கு அதுவே சான்று: ஒருபுறம் நாட்டின் தலைமை அமைச்சர், மறுபுறம் ஒரு பலகை, பார்வை இரண்டுக்கும் இடையே போய்ப்போய் வருகிறது. தடையை மீறியதால்தான் தடையே தெரிகிறது என்ற நகைச்சுவை அந்தப் போக்குவரத்தில் பிறக்கிறது. பலகையை வெட்டிவிட்டால் எஞ்சுவது யாருக்கோ காத்திருக்கும் ஒரு மனிதர் மட்டுமே.

நேரு புறாவைப் பறக்கவிடும் படத்தில் மேலே உள்ள வெளியைச் சிறிது குறைத்தாலும் பறவைக்குப் போக இடமிராது. பி.ஓ.ஏ.சி. வானூர்தியில் பிரிட்டன் துணைத் தூதரின் மனைவிக்கு அவர் சிகரெட் பற்றவைக்கும் படத்தில் இரு முகங்களும் ஒன்றையொன்று நோக்க, எடை முழுவதும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் குவிகிறது.

ஹோமாய்க்குத் தமக்கென ஒரு வரம்பு இருந்தது. ஒருவரை இழிவாகக் காட்டும் கணத்தை எடுக்கலாகாது என்பதை அவர் தொழில் ஒழுக்கமாகக் கொண்டார். நிகழ்ச்சிக்கு ஏற்ற உடை, ஏற்ற தொலைவு, ஏற்ற அமைதி ஆகியவற்றையும் வலியுறுத்தினார். இந்த வரம்பைக் குறை கூறவும் இடமுண்டு: அதிகாரத்தில் இருப்பவரின் கண்ணியத்தைக் காப்பது பத்திரிகையாளரின் வேலையா என்று கேட்கலாம். அவர் எடுத்த தில்லி பெரும்பாலும் விருந்துகள், வரவேற்புகள், விழாக்கள் ஆகியவற்றின் தில்லி. அகதிக் குடியிருப்புகளின் தில்லியோ மால்ச்சாவின் உழவர் போய்ச் சேர்ந்த இடமோ அவர் சட்டகத்தில் அரிது. எந்தக் கலைஞரின் சமநிலையும் எதையோ வெளியே நிறுத்திய சமநிலையே, அவருடையதும் விலக்கன்று. ஆயினும் அவர் எதை வெளியே நிறுத்தினார் என்பதை அறிந்தே நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்பதையும் சொன்னார்.

1969இல் மானெக்‌ஷா காலமானார். 1970இல் ஹோமாய் தொழிலை விட்டார். புதிதாய் வந்த படக் கலைஞர்களின் முண்டியடிப்பும் முரட்டுத்தனமும் தமக்கு ஒவ்வவில்லை என்பது அவர் சொன்ன காரணம். பின்னர் வடோதராவில் பல ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். பிறந்த ஆண்டு 1913, மானெக்‌ஷாவைச் சந்தித்த வயது 13, வாங்கிய மகிழுந்தின் எண் டி.எல்.டி. 13; இவற்றைச் சேர்த்துத் தமக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘டால்டா 13’. சபீனா கடிஹோக் 2006இல் அவரைப் பற்றி வெளியிட்ட விரிவான நூலுக்குப் பிறகே, அவர் படங்களைப் பள்ளிக்காலம் முதல் பார்த்துவந்த பலருக்கு அவற்றை எடுத்தவரின் பெயர் தெரியவந்தது. அவருடைய தொகுப்பு இன்று தில்லியிலுள்ள அல்காசி அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. 2011இல் பத்ம விபூஷண் விருது. 2012 ஜனவரி 15 அன்று மறைவு.

*

தலைமுறை தலைமுறையாக ஒரு படம் அச்சாகி, அதன் கீழே எடுத்தவரின் பெயர் மட்டும் இல்லாதிருப்பதும் ஒரு வெற்றிடமே. அதுவும் உருவாக்கப்பட்டதுதான்: தொடக்கத்தில் கணவரின் பெயர், பின்னர் நிறுவனத்தின் பெயர், அதன்பின் பெயரே இல்லாமை.

வைசிராய் மாளிகைக்கும் நினைவு வளைவுக்கும் இடைப்பட்ட சாலை கிங்ஸ்வே என்றும், ராஜ்பத் என்றும், 2022 முதல் கர்த்தவ்ய பத் என்றும் பெயர் மாறியிருக்கிறது. பெயர் எதுவாயினும் நடுக்கோட்டில் நின்று எடுத்தால் படம் ஒன்றே. அங்கு நின்று எடுப்பதில் தவறில்லை. கட்டியவர்கள் அதற்காகத்தான் கட்டினர். நடுக்கோட்டிலிருந்து பத்து அடி விலகினால் ஒருபுறம் செயலகம் கனக்கும், மறுபுறம் வானம் வெறுமையாகும். அப்போது துலாவைச் சமன்செய்ய வேறொன்று தேவைப்படும்: ஐஸ்கிரீம் வண்டியின் குடை, புல்லில் அமர்ந்த ஒரு குடும்பம், குழாயை இழுத்துச் செல்லும் தோட்டத் தொழிலாளி. அவர் சட்டகத்துக்குள் நடந்து வரும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டும்.